கொயினா விளைந்த நடுவட்டம்

கொயினாவின் கசப்பு இன்றைய குழந்தைகளுக்குத் தெரியாது. நம் பாட்டன் பாட்டிமாருக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து ஆளைப் போட்டு உலுக்கும் குளிர்காய்ச்சல் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. நாலு கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. காய்ச்சல்காரரின் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியைப் போட்டு, கசப்பு மாறக் கையில் ஒரு துண்டு வெல்லத்தையும் கொடுப்பார்கள். அந்தப் பொடிதான் கொயினா. அது எத்தனை லட்சம் உயிர்களைக் காப்பாற்றியது என்று யாராலும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது.

அந்தப் பொடி எங்கிருந்து வந்தது? சீமையிலிருந்து வந்தது என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். சீமையிலிருந்து வந்ததும் உண்டு. ஆனால் நம் நாட்டிலேயே, நம் நீலகிரியிலேயே, அதற்கான மரத்தை நட்டு, பட்டையை உரித்து, மருந்தாகக் காய்ச்சிய ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் நடுவட்டம்.

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் பைக்காராவைத் தாண்டினால், முப்பது கிலோ மீட்டருக்குச் சற்று மேலே, மலையின் மேட்டு நிலம் முடிந்து இறக்கம் தொடங்கும் விளிம்பில் இந்த ஊர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கு அதிகமான உயரம். தென்மேற்குப் பருவக்காற்று முதலில் வந்து அறையும் மலைமுகம் இது. ஆடி மாதத்து மூடுபனியில் எதிரே வரும் லாரியின் விளக்குகூடக் கண்ணுக்குப் புலப்படாது. கோடையில் வரும் பிரயாணிகள் இங்கே இறங்கித் தேநீர் குடிப்பார்கள். பள்ளத்தாக்கைப் படம் பிடிப்பார்கள். பிறகு ஊசிமலைக்குப் போய்விடுவார்கள். சிலர் மட்டும் பழைய சிறைச்சாலையை எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தச் சிறை எதற்காக வந்தது? அதில் அடைபட்டவர்கள் எதை நட்டார்கள்? அவர்கள் நட்டது யார் உயிரைக் காத்தது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே கதையில் இருக்கிறது. சிறையை மட்டும் காட்டி மற்றதை மறந்துவிட்டால் அந்தக் கதை பாதியாகிவிடும். நடுவட்டத்தைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

பெரு நாட்டிலிருந்து வந்த மரம்

சின்கோனா மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரல். அதன் பட்டை காய்ச்சலைப் போக்கும் என்ற செய்தி, ஏசு சபைப் பாதிரிமார் மூலமாக 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1820இல் பெல்லத்தியே, கவந்து என்ற இரண்டு பிரெஞ்சு ரசாயன நிபுணர்கள், பட்டைக்குள் இருந்த மருந்துச் சத்தைத் தனியே பிரித்தெடுத்து அதற்குக் குவினைன் என்று பெயர் வைத்தார்கள். நம் ஜனங்களின் வாயில் அது கொயினா ஆயிற்று.

இந்தியாவை ஆண்ட வெள்ளையருக்குப் பீரங்கியைக் காட்டிலும் கொயினா அவசியமாக இருந்தது. அவர்களுடைய சிப்பாய்களைக் காய்ச்சல் கூட்டம் கூட்டமாக வீழ்த்தியது. பட்டையோ தென் அமெரிக்கக் காடுகளிலிருந்துதான் வர வேண்டும், விலையும் அதிகம். ஆகவே மரத்தையே இங்கு கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த வேலை கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற இளம் உத்தியோகஸ்தரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மார்க்கம் பெருவின் காடுகளில் அலைந்து கன்றுகளைச் சேகரித்து 1860இல் நீலகிரிக்கு வந்தார். ஆனால் வழியில் செங்கடலின் வெப்பம் தாங்காமல் வாடிய அவருடைய கன்றுகள் இங்கு பிழைக்கவில்லை. காரியத்தைக் காப்பாற்றியவர்கள் வேறு இருவர். ரிச்சர்ட் ஸ்புரூஸ் என்ற தாவர நிபுணர் ஈக்வடார் நாட்டில் சிவப்புப் பட்டைச் சின்கோனாவின் விதைகளையும் கன்றுகளையும் திரட்டினார். ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் அந்தக் கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து, குழந்தைகளைப் போலப் பார்த்து, 1861இல் உதகையில் கொண்டுவந்து சேர்த்தார்.

அவற்றைப் பெற்றுக்கொண்டவர், உதகை அரசினர் தாவரத் தோட்டத்தை 1848 முதல் உருவாக்கிவந்த வில்லியம் கிரகாம் மெக்ஐவர். அவர் துண்டு நட்டும் பதியம் போட்டும் சில நூறு கன்றுகளைப் பல்லாயிரமாகப் பெருக்கினார். குளிரைத் தாங்கும் இனம் தொட்டபெட்டாவுக்குப் போயிற்று. சற்றுக் கீழே, மழையும் மூடுபனியும் மிகுந்த இடத்தை விரும்பும் சிவப்புப் பட்டை இனத்துக்கு நடுவட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டது. மார்க்கம் நேரில் வந்து இந்தச் சரிவைப் பார்த்திருக்கிறார். 1862இல் வெளியான தம் நூலில் ஊர்ப் பெயரை ‘நெடிவட்டம்’ என்று ஒலிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்.

மெக்ஐவர் செய்த இன்னொரு காரியம் நினைவில் வைக்கத் தக்கது. தென் அமெரிக்காவில் மரத்தை வெட்டிச் சாய்த்துத்தான் பட்டை உரிப்பார்கள். ஒரு மரம் ஒரு தடவைதான் பயன்படும். மெக்ஐவர் மரத்தை நிற்க வைத்தே, நீளவாட்டில் கீற்றுக் கீற்றாகப் பட்டையை உரித்து, காயத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டச் செய்தார். பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து முன்னைவிட அதிகமாகவும் இருந்தது. நீலகிரி மலையில் இதற்குப் பாசி இல்லாத குறை ஏது? மரத்தைக் கொல்லாமல் மருந்து எடுக்கும் இந்த முறைக்கு உலகத்துத் தாவர நூல்களில் இடம் கிடைத்தது.

கடல் கடந்து வந்த கைதிகள்

கன்று தயார். நிலம் தயார். காட்டைத் திருத்திக் குழி தோண்ட ஆள் வேண்டுமே? அட்டை கடிக்கும், குளிர் வாட்டும் அந்தச் சரிவுக்குக் கூலி ஆள் சுலபமாக வரவில்லை. சர்க்கார் கைதிகளைக் கொண்டுவந்தது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் சீனர்கள்.

இந்தச் சீனர்கள் அபினி யுத்தத்தில் பிடிபட்ட போர் வீரர்கள் என்று ஒரு கதை பரவியிருக்கிறது. பிரயாணிகளுக்கும் அதையே சொல்லுகிறார்கள். கேட்கச் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1908இல் பிரான்சிஸ் தொகுத்த நீலகிரி மாவட்டக் கெஜட்டியர் வேறு விதமாகச் சொல்லுகிறது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய ஜலசந்திக் குடியேற்றங்களில் தண்டனை பெற்றவர்களை அடைக்க அங்கே சிறைகளில் இடம் போதவில்லை. ஆகவே அவர்கள் சென்னை ராஜதானியின் சிறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது அதன் கூற்று. 1867 வரை அந்தக் குடியேற்றங்கள் இந்திய சர்க்காரின் கீழ் இருந்தபடியால் இப்படி அனுப்புவது எளிதாக இருந்தது.

இதே காலத்தில் இந்தியாவிலிருந்து கைதிகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். இன்று சிங்கப்பூரில் ஓங்கி நிற்கும் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயமும், ஜனாதிபதியின் மாளிகையான இஸ்தானாவும் அந்த இந்தியக் கைதிகளின் கைவேலை. அங்கே நம்மவர் செங்கல் சுமந்தார்கள். இங்கே சீனர் சின்கோனா நட்டார்கள். யார் எங்கே வாட வேண்டும் என்பதை எஜமானர்கள் நிர்ணயித்தார்கள்.

சிறையிலிருந்து தப்பியவர்களும் உண்டு. 1860களில் மழையும் புயலுமான ஓர் இரவில் சில சீனக் கைதிகள் லவ்டேலில் தாங்கள் அடைக்கப்பட்டிருந்த தற்காலிகக் கட்டடத்திலிருந்து ஓடிப்போனார்கள். நாட்கள் கழித்து மலையாளப் பக்கத்தில் அகப்பட்டார்கள். அவர்களைத் தேடிச் சென்ற போலீஸாரில் ஒரு குழுவினர் திரும்பவில்லை; சிஸ்பாரா கணவாய்ப் பக்கத்துக் காட்டில் அவர்களுடைய உடல்கள் கிடைத்தன என்று கெஜட்டியர் கூறுகிறது. அந்தப் போலீஸாரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாமே? இந்தக் கைதிகளின் கதையில் இரத்தமும் சிந்தியிருக்கிறது.

தண்டனை முடிந்த சீனர்கள் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே உள்ள சரிவில் குடிசை போட்டு, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு, கொஞ்சம் காப்பி வளர்த்து, பால் விற்றுப் பிழைத்தார்கள். சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அங்கே போய் ஒரு குடும்பத்தைச் சந்தித்து, 1909இல் வெளிவந்த தம் தொகுப்பில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறிஸ்தவராக மதம் மாறியபோது தம் நீண்ட பின்னலை வெட்ட நேர்ந்ததே அந்தச் சீனருக்கு ஒரே குறையாம்! பிறந்த தேசம் போயிற்று, சுதந்தரம் போயிற்று. அவற்றுக்கெல்லாம் சேர்த்து அவர் அந்தப் பின்னலுக்காக வருந்தினார் போலும்.

காலணாப் பொட்டலம்

மரம் வளர்ந்தால் போதுமா? பட்டையிலிருந்து சத்தை எடுக்க வேண்டும். 1866இல் ஜான் பிராட்டன் என்ற ரசாயன நிபுணரைச் சர்க்கார் நியமித்தது. அவர் காலத்து முயற்சி நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1884இல் டேவிட் ஹூப்பர் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் நடுவட்டத்தில் அரசினர் கொயினாத் தொழிற்சாலை நிலைபெற்றுவிட்டது. பட்டையை உலர்த்தி, மாவாக இடித்து, காரம் சேர்த்து, எண்ணெயில் சத்தை இறக்கி, அந்த எண்ணெயிலிருந்து அமிலத்தால் அதைப் பிரித்தால் கடைசியில் வெள்ளைப் படிகம் கிடைக்கும்.

ஏழை கையில் அது சேர வழி என்ன? 1892இல் வங்காளத்தில் தபாலாபீஸ்களில் ஒரு பைசாவுக்கு, அதாவது காலணாவுக்கு, ஒரு பொட்டலம் என்று கொயினா விற்கத் தொடங்கினார்கள். வைத்தியர் எட்டிப் பார்க்காத கிராமத்துக்கும் தபால்காரர் போவார் அல்லவா? பிறகு இந்தத் திட்டம் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. வெள்ளைச் சிப்பாயைக் காக்க வந்த மரம், காலப்போக்கில் நம் குடியானவனையும் காத்தது. எஜமானர்களின் நோக்கம் எதுவாயினும், பலனை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் உலகச் சந்தையில் நம் மரம் ஜாவாத் தீவிடம் தோற்றுப்போயிற்று. பொலிவியாவில் மானுவல் இங்க்ரா மமானி என்ற செவ்விந்தியர் மிக உயர்ந்த இனத்து விதைகளைச் சேகரித்து, சார்லஸ் லெட்ஜர் என்ற வெள்ளைக்கார வியாபாரியிடம் கொடுத்தார். பிரிட்டிஷ் சர்க்கார் வேண்டாம் என்றது. 1865இல் டச்சுக்காரர்கள் சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்த விதைகளிலிருந்து எழுந்த ஜாவாத் தோட்டங்கள், 1930களில் உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்தன. மமானியோ விதை சேகரித்த குற்றத்துக்காகச் சிறையில் அடிபட்டு, அதனாலேயே 1871இல் உயிரிழந்தார். கொயினாவின் சரித்திரத்தில் எங்கே தொட்டாலும் ஒரு கைதி அகப்படுகிறான்!

1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தார்கள். உலகமே கொயினாவுக்குத் தவித்தது. நடுவட்டத்துக்கு மீண்டும் மதிப்பு வந்தது. சென்னை சர்க்கார் ஆனைமலையிலும் வைத்திருந்த சின்கோனாத் தோட்டங்களிலிருந்து கிடைத்த ஒவ்வொரு கட்டுப் பட்டையும் பொன்னாயிற்று. நாடு சுதந்தரம் பெற்ற 1947இல் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றார்கள், எட்டு லட்சம் பேர் மாண்டார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த எண்களை நினைத்துக்கொண்டு நடுவட்டத்துச் சரிவைப் பார்த்தால், அது வெறும் மலைச்சரிவாகத் தோன்றாது.

மரம் போயிற்று, தேயிலை வந்தது

1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. டி.டி.டி. மருந்து வீடுவீடாகத் தெளிக்கப்பட்டது. குளோரோகுவின் என்ற புது மாத்திரையும் வந்தது. கொயினாவின் தேவை குறைந்துகொண்டே போயிற்று. சின்கோனா இலாகா மெலிந்து, பிறகு மறைந்தது. மரங்கள் நின்ற இடத்தில் தேயிலைச் செடிகள் வந்தன.

தேயிலையோடு வேறு மனிதர்களும் வந்தார்கள். 1964இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கை மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்கள் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று அதில் முடிவாயிற்று. கப்பலேறி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அவைதாம் பிற்காலத்தில் ‘டான்டீ’ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயின. பழைய சின்கோனா நிலங்களும் அந்தக் கழகத்தின் கைக்கு வந்தன. நடுவட்டம் அதன் பிரிவுகளில் ஒன்று.

சீனக் கைதி விருப்பமின்றி வந்தார். இலங்கைத் தமிழரும் பெரும்பாலும் விருப்பமின்றித்தான் வந்தார்கள். அவர்களைக் கேட்டா ஒப்பந்தம் எழுதினார்கள்? நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு சர்க்கார்கள், கடலுக்கு அப்பாலிருந்து இரண்டு கூட்டத்தாரை நீலகிரிச் சரிவுகளில் கொண்டுவந்து விட்டன. இரண்டு கூட்டத்தாரும் இந்த மண்ணைத் தங்கள் கையால் பண்படுத்தினார்கள்.

இப்போது தேயிலைக்கும் சோதனைக் காலம் வந்திருக்கிறது. கழகம் நஷ்டத்தில் நடந்து, அதன் நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு முடிவு செய்தது. காடு திரும்பி வருவதில் நமக்கு மகிழ்ச்சிதான். யானைக்கும் காட்டெருமைக்கும் இடம் வேண்டும். ஆனால் தோட்டத்து வேலை போனால் லைன் வீடும் போய்விடும் என்பது தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் வேறு இடம் தேடிப் போய்விட்டால், ஊரின் நினைவும் அவர்களோடு போய்விடும்.

நாம் செய்ய வேண்டியது

சிறைச்சாலையைப் பழுது பார்த்துப் பார்வையாளருக்குத் திறந்துவிட்ட பேரூராட்சியைப் பாராட்டுகிறோம். ஒரு சின்ன ஊர் தன் பழமையை மதிப்பது பெரிய காரியம். ஆனால் அது தொடக்கம்தான்.

டார்ஜீலிங் பக்கத்தில் மங்பூ என்று ஓர் ஊர் உண்டு. அதுவும் கொயினா ஊர்தான். அங்கே கொயினா நிபுணராக இருந்தவரின் மனைவி, எழுத்தாளர் மைத்ரேயி தேவி. அவர்கள் வீட்டில் மகாகவி தாகூர் வந்து தங்கியிருக்கிறார். அதனால் அந்த வீடு இன்று நினைவில்லமாகப் போற்றப்படுகிறது. நடுவட்டத்துக்கு மகாகவி யாரும் வரவில்லை. பெயர் தெரியாத கைதிகளும் கூலிகளும்தாம் வந்தார்கள். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுமா?

நார்வே நாட்டின் பெர்கன் நகரத்தில் பிரிக்கன் என்ற பழைய துறைமுகப் பேட்டை இருக்கிறது. எல்லாம் மரக் கட்டடங்கள். 1955இல் தீப்பிடித்து ஒரு பகுதி சாம்பலாயிற்று. மிச்சத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சொன்னவர்கள் உண்டு. ஊரார் இணங்கவில்லை. எரிந்த இடத்தை ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். கிடைத்த பொருள்களுக்காக 1976இல் ஒரு காட்சிசாலை திறந்தார்கள். 1979இல் யுனெஸ்கோ அந்தப் பேட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்றும் அந்தக் கட்டடங்களில் கடைகளும் பட்டறைகளும் நடக்கின்றன. ஒரு வீட்டைத் தனியே எடுத்துக் காட்டாமல், பேட்டை முழுவதையும், அதில் பிழைப்பவர்களோடு சேர்த்துக் காப்பாற்றினார்கள். நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

நடுவட்டத்துக்குக் கோடிக் கணக்கில் பணம் தேவையில்லை. முதலாவதாக, சிறைச்சாலையில் உண்மைச் சரித்திரத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். அபினி யுத்தக் கதையை ஊர் வழக்கு என்று சொல்லுங்கள். ஆவணம் கூறுவதை ஆவணம் என்று சொல்லுங்கள். இரண்டாவதாக, அங்கங்கே எஞ்சி நிற்கும் சின்கோனா மரங்களை அடையாளமிட்டுக் காத்து, சிறை வாசலிலும் பள்ளிக்கூடங்களிலும் புதுக் கன்றுகள் நடுங்கள். பட்டையைத் தொட்டுப் பார்க்கும் குழந்தை பாடத்தை மறக்காது. மூன்றாவதாக, கொயினாத் தொழிற்சாலையைச் சேர்ந்தவற்றில் எஞ்சியுள்ள கட்டடங்களையும் பாத்திரங்களையும் பதிவேடுகளையும் கணக்கெடுங்கள். பழைய இரும்புக்காரர் கைக்குப் போனால் திரும்பி வராது. நான்காவதாக, சின்கோனா இலாகாவிலும் தேயிலையிலும் உழைத்து ஓய்ந்த முதியவர்களின் நினைவுகளை உடனே பதிவு செய்யுங்கள். அவர்கள் குடியிருக்கும் வீடு அவர்களுக்கு நிலைக்கவும் வழி செய்யுங்கள். உழைத்தவர்களை வெளியேற்றிவிட்டு அவர்கள் உழைப்புக்குக் காட்சிசாலை வைத்தால் அதைவிடக் கேலி வேறு இருக்க முடியாது.

மலேரியாவுக்கு இன்று உலகம் பெரிதும் நம்பும் ஆர்டிமிசினின் என்ற மருந்தைக் கண்டெடுத்தவர் தூ யூயூ என்ற சீனப் பெண்மணி. அதற்காக 2015இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அவர் நாட்டவர் சிலர் கைதிகளாய் நம் நீலகிரியில் வந்து, மழையில் நனைந்துகொண்டு, அதே நோய்க்கான மரத்தை நட்டார்கள். அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை, பெயர்கூட நிலைக்கவில்லை. அவர்கள் நட்ட மரத்தின் கசப்பை நாக்கில் வாங்கிப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அடுத்த முறை கூடலூர் பஸ் நடுவட்டத்தில் நிற்கும்போது, தேநீர் குடித்து முடித்த பிறகு, ஐந்து நிமிஷம் அந்தச் சரிவை நின்று பாருங்கள்.